மடல் ஒன்று, மேசை மூன்று

மின்னஞ்சல் மென்பொருளின் காட்சி அமைப்புகளைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். ஒரு நூலின் தாள், எழுத்தின் அளவு, ஓரத்தில் விட்ட வெற்றிடம், கட்டமைப்பு ஆகியவற்றைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். நல்ல அச்சில் வந்த பதிப்பைத் தேடி அலைகிறோம். ஆனால் நம்மிற் பலர் ஒரு நாளில் நூலை வாசிப்பதைக் காட்டிலும் அதிக நேரம் மடல்களையே வாசிக்கிறோம். அவை எந்த அளவில், எந்த வரிசையில், எந்த எழுத்துருவில் நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன என்பதை மட்டும் யாரோ முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இதை எழுதத் தூண்டியது சென்ற பருவத்தில் நாம் பணிபுரியும் கல்லூரியில் செய்யப்பட்ட ஒரு மாற்றம். மடல்களுக்கான ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டது. இனி எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அமைப்புகள் கணக்கோடு கூடவே வரும், ஒருமுறை வைத்தால் போதும் என்றார்கள். கணினிப் பிரிவில் பணிபுரியும் இளைஞர் மிகுந்த மகிழ்ச்சியோடு, "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா நல்லதுதானே ஐயா" என்றார். அவர் நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஆனால் அவர் சொன்னது நமக்கு ஒப்பவில்லை. ஒப்பாமைக்குரிய காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாம் மடல் வாசிக்கும் இடங்கள் மூன்று. முதலாவது கொரட்டூரில் வீட்டுமேசை. பழைய மேசைக் கணினி, பெரிய திரை. சன்னல் மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்குமேல் வெயில் நேரே திரையில் விழும். நாற்பதைக் கடந்தபின் வெள்ளெழுத்து வந்துவிட்ட கண்களுக்கு இங்கே எழுத்து பெரிதாக வேண்டும். பின்புலம் தூய வெண்மையாக இல்லாமல் சற்றே மங்கலாக வேண்டும். மடல்கள் உரையாடல் உரையாடலாகத் தொகுக்கப்பட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக இழையாக நிற்க வேண்டும். வீட்டில்தான் நீண்ட மடல்களுக்கு விடை எழுதுகிறோம். யார் எதற்கு என்ன சொன்னார் என்று பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது மடிக்கணினி. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் செல்லும் நாள்களில் அது பையில் கூட வரும். சிறிய திரை. இழை இழையாக அடுக்கினால் பாதித் திரையை அடைப்புகளே தின்றுவிடும். அங்கே கோப்புறைப் பட்டியலை மறைத்துவிடுகிறோம். மடல்கள் நாள் வரிசையில், புதியது மேலே. வேறொன்றும் வேண்டாம், நூலகத்துக்குப் போவது மடல் பார்க்க அன்று.

மூன்றாவது துறை அறைக் கணினி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு உண்டு என்றாலும் மேசை ஒன்று, திரை ஒன்று. திரை கதவை நோக்கி இருக்கிறது. மேசையைத் திருப்பிப் போட இடமில்லை. இங்கே எழுத்து சிறியதாக வேண்டும். முன்னோட்டப் பலகம், அதாவது பட்டியலில் மடலைத் தொட்டவுடன் அதன் உள்ளடக்கம் கீழே விரியும் பகுதி, மூடியே இருக்க வேண்டும். காரணம் நம் கண் அன்று, நம் மாணவர்கள்.

கல்லூரி ஆசிரியருக்கு வரும் மடல்கள் எத்தகையவை என்பதை வெளியில் உள்ளோர் அறியார். பாதி சுற்றறிக்கைகள். மீதியில் ஒருவர் கட்டணம் கட்ட இயலவில்லை என்று எழுதுவார். ஒருவர் வீட்டில் திருமணத்துக்கு நெருக்குகிறார்கள், எப்படியாவது படிப்பை முடித்துவிட வேண்டும் என்று எழுதுவார். நேரில் வாய் திறவாத பிள்ளைகள் நள்ளிரவில் நான்கு பத்தி எழுதுகிறார்கள். அமைப்புகள் எல்லா இடத்துக்கும் ஒன்றாக்கப்பட்ட இரண்டாம் வாரத்தில், வீட்டில் நம் கண்ணுக்காக வைத்த பெரிய எழுத்தும் விரிந்த பலகமும் துறை அறைத் திரையில் தாமாகவே வந்து அமர்ந்தன. வாசலில் நின்றிருந்தவர் ஒரு மாணவியின் மடலில் முதல் இரண்டு வரிகளை அங்கிருந்தே வாசித்துவிட்டு, "என்ன ஐயா, அந்தப் பொண்ணு வீட்டுல என்ன பிரச்சினை?" என்று கேட்டார். கேட்டவர் மீது குற்றமில்லை. சுவரொட்டி அளவில் எழுதியிருந்தால் யார்தான் படிக்கமாட்டார்? ஆனால் அந்த மாணவி அந்த வரிகளை ஒருவருக்கு மட்டுமே எழுதியிருந்தார்.

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்க.

பழைய 'பாப்' முறையில் மடல் வழங்கியிலிருந்து ஒரு கணினிக்கு இறங்கிவிடும். பொதுவாக அதோடு அங்கேயே தங்கிவிடும். 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்த 'ஐமேப்' முறையில் மடல் வழங்கியிலேயே இருக்கும். எத்தனை கணினிகளிலிருந்தும் அதே மடலைப் பார்க்கலாம். மடலோடு சேர்த்து வழங்கி நினைவில் வைத்துக்கொள்வது சில அடையாளங்களை மட்டுமே: படித்தாயிற்று, விடை எழுதியாயிற்று, முக்கியம், நீக்க வேண்டியது, வரைவு. எழுத்தின் அளவு என்ன, பத்திகள் எந்த வரிசையில், பலகம் திறந்திருக்கிறதா என்பவை அதன் கணக்கில் இல்லை. அவை அந்தந்தக் கணினியின் மென்பொருளுக்கே விடப்பட்டன. தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இவை கணினியிலேயே உள்ள ஒரு தனிக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. மடல் பொது, பார்வை தனி என்னும் இந்தப் பிரிவினையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

ஆனால் இந்தப் பிரிவினையில் ஒரு முடிச்சும் உண்டு. பார்வையைச் சேர்ந்தது என்று தோன்றும் ஓர் அமைப்பு பொதுவைத் தொட்டுவிடும். முன்னோட்டப் பலகம் திறந்திருந்தால், மடல் அதில் தோன்றிய உடனேயே 'படித்தாயிற்று' என்று பல மென்பொருள்கள் குறித்துவிடும். அந்தக் குறி வழங்கிக்குச் சென்று எல்லாக் கணினிகளிலும் தெரியும். துறை அறையில் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனால், வாசிக்காத பத்து மடல்கள் வீட்டில் வாசித்தவையாக மெலிந்த எழுத்தில் கிடக்கும். ஆகவே பலகத்தை மூடுவது வாசலில் நிற்பவருக்காக மட்டுமன்று. வீட்டில் மாலை அமர்ந்து பார்க்கப் போகும் நமக்காகவும்தான். பலகத்தைத் திறந்தே வைக்க விரும்புவோர், இத்தனை நொடி காட்டிய பிறகே படித்ததாகக் குறி என்று வைத்துக்கொள்ளலாம். தண்டர்பேர்டில் அதற்கு வழியுண்டு. வீட்டில் ஐந்து நொடி, கல்லூரியில் தானாகக் குறிக்கவே வேண்டாம் என்று வைப்பது நம் வழக்கம். எல்லா இடத்துக்கும் ஒரே அமைப்பு என்றால் இந்த இரண்டில் ஒன்றை இழக்க வேண்டும்.

தமிழில் மடல் எழுதியவர்களுக்கு இந்தப் பிரிவினை எளிதில் கிடைக்கவில்லை என்பதை இன்றைய இளையோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது மலிவான கணக்குகளில் வெறும் எழுத்துத்திரைதான். படம் இல்லை, எழுத்துரு இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான 'பைன்' என்னும் நிரலில் மடல் வாசித்த தலைமுறை அது. தமிழை ரோமன் எழுத்தில் எழுதினார்கள். பிறகு எழுத்துருக்கள் வந்தன. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' தந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் உலகத் தமிழர் கூடினர். திஸ்கி என்னும் குறியேற்றம் அங்கு நிகழ்ந்த விவாதங்களிலிருந்து உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டை ஏற்றது. நாளேடுகளும் வார இதழ்களும் தத்தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒரே மொழிக்கு எத்தனை உடைகள்!

அந்நாளில் காட்சி அமைப்பு என்பது கண்ணின் வசதி குறித்ததாக இல்லை. அமைப்புதான் மடல். திஸ்கியில் முதற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கு, பிற்பாதி தமிழுக்கு. கணினிக்கு அது தமிழென்று தெரியாது. எண்களை மட்டும் அறியும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் எழுத்துருப் பட்டியலுக்குச் சென்று, 'பயனர் வரையறுத்தது' என்னும் வகைக்குத் திஸ்கி எழுத்துரு ஒன்றைப் பொருத்தி, பிறகு அந்த மடலுக்குரிய குறியேற்றத்தையும் அதுவே என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் தெரியும். இல்லையேல் தலையில் கொம்பும் கூரையும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிவரியாக நிற்கும். கவிதைக்கும் கண்டனத்துக்கும் வேறுபாடு தெரியாது.

முதுகலை படித்த ஆண்டுகளில், 2002, 2003 வாக்கில், கொரட்டூரில் நாம் நம்பியிருந்தது மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் பிரவுசிங் சென்டரைத்தான். சட்டைப்பையில் ஒரு ஃப்ளாப்பி; அதில் இணைமதி எழுத்துரு. கடைக்காரர் அனுமதித்தால் அதைக் கணினியில் இறக்கி, உலாவியில் பயனர் வரையறைக்கு அதைப் பொருத்தி, பிறகு மடலைத் திறப்போம். கால்மணி நேரம் இதற்கே போய்விடும். மறுநாள் வேறு கணினி காலியாக இருக்கும், மீண்டும் முதலிலிருந்து. சுரதாவின் 'பொங்குதமிழ்' எழுத்துமாற்றிக் கட்டத்தில் மடலை வெட்டி ஒட்டி வாசித்தவர்களும் நம்மிடையே உண்டு. அமைப்புகள் நம்மோடு கூடவே வந்தால் எத்தனை நன்றாக இருக்கும் என்று அப்போது நாமும் ஏங்கினோம் என்பதை மறைப்பானேன்?

ஒருங்குறி அந்த ஏக்கத்துக்கு வேறு விதமாக விடை தந்தது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியையும் டேஸ்-16 என்பதையும் தன் தரங்களாக ஏற்றது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் போதுமா, உயிர்மெய்க்குத் தனியிடம் தராதது சரியா என்ற பூசல்கள் இருந்தன. இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அவை எப்படியாயினும் ஒன்று நிகழ்ந்தது: எழுத்து வேறு, எழுத்தின் உருவம் வேறு என்று பிரிந்தன. 'லை' என்பதற்கு ஒருங்குறியில் ல என்னும் எழுத்தும் ஐகாரக் குறியும்தான் உள்ளன. அதை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த வடிவில் காட்டுவதா, அதற்கு முன்னிருந்த துதிக்கை வடிவில் காட்டுவதா என்பது எழுத்துருவின் வேலை. பழைய வடிவிலேயே வாசித்துப் பழகிய முதியவர், அத்தகைய எழுத்துருவைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு பேரனின் இன்றைய மடலைத் தம் காலத்து எழுத்தில் வாசிக்கலாம். பேரனுக்கு அது தெரியவே வேண்டியதில்லை. ஏட்டில் புள்ளியிடாமல் எழுதியதைப் படிப்பவரே புள்ளியிட்டுப் படித்த மரபிலிருந்து வந்தவர்கள் நாம். எழுதியவர் தருவது ஒன்று, வாசிப்பவர் தம் இடத்திலிருந்து சேர்ப்பது ஒன்று என்பது நமக்குப் புதிதன்று.

இவ்வாறு பெரும்பாடு பட்டுப் பிரிந்த இரண்டையும் இப்போது வேறொரு வழியில் ஒட்டிவைக்கிறார்கள். இம்முறை பார்வை மடலோடு ஒட்டவில்லை, கணக்கோடு ஒட்டுகிறது. உலாவியில் மடல் வாசிப்போர் ஒருமுறை நெருக்கமான பட்டியல் என்று தேர்ந்தெடுத்தால் எங்கும் நெருக்கம்தான். அவுட்லுக்கில் அமைப்புகளை மேகத்தில் சேமிக்கும் தெரிவு இருக்கிறது. நம் கை, நம் கண், நாம் அமர்ந்த அறை ஆகியவற்றை அறியாத ஒரு வழங்கி, நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆள் ஒருவர் என்றால் வாசிப்பும் ஒன்று என்பது அதன் கணக்கு. மூன்று மேசைகளில் நாம் மூன்று விதமாக வாசிக்கிறோம் என்பதை அது எண்ணிப்பார்ப்பதில்லை.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுவோம். பார்வைக் குறைபாடு உடையவர், செல்லும் இடமெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்க வேண்டிய துன்பத்திலிருந்து கணக்கோடு வரும் அமைப்பு அவரைக் காக்கிறது. நாள்தோறும் வேறு வேறு கணினியில் அமர வேண்டிய பணியாளருக்கும் அப்படியே. கணினி பழுதானால் அமைப்புகள் அழியா என்பதும் உண்மை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஒன்றாக்கும் வசதி இருக்கட்டும். விலகி நிற்கும் வசதியும் இருக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

இது இயலாத கோரிக்கையும் அன்று. மேலே சொன்ன அதே பைன் நிரலில் இதற்கு விடை இருந்தது. அதன் வழித்தோன்றலாக 2007இல் வெளிவந்த 'ஆல்பைன்' நிரலிலும் இருக்கிறது. பொதுவான அமைப்புகளை வழங்கியில் ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணினியிலிருந்தும் அவை கிடைக்கும். அதன்மேல், இந்தக் கணினிக்கு மட்டும் என்று ஒரு விதிவிலக்குக் கோப்பை வைக்கலாம். இரண்டும் மோதினால் விதிவிலக்கே வெல்லும். நம் இலக்கண ஆசிரியர்கள் பொதுவிதி, சிறப்புவிதி என்று வகுத்தது போன்ற ஏற்பாடு. கருந்திரையில் வெள்ளெழுத்து ஓடிய காலத்து நிரலுக்கு இருந்த இந்த அறிவு, வண்ணத்திரையில் வழுக்கிச் செல்லும் இன்றைய பலவற்றுக்கு இல்லாதது வியப்புத்தான்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. உலாவியில் மடல் பார்ப்பவர்கள், தளத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போகாமல் உலாவியின் உருப்பெருக்கத்தைப் பயன்படுத்தலாம். கட்டுப்பாட்டு விசையோடு கூட்டல் குறி; அவ்வளவே. அது அந்தக் கணினியில், அந்தத் தளத்துக்கு மட்டும் நிற்கும். தனி மென்பொருள் வைத்திருப்போர் எழுத்துருப் பட்டியலில் தமிழுக்கென்று தனியிடம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவு தமிழுக்குப் பெரும்பாலும் போதாது, நம் எழுத்தின் சுழிகளுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும். அமைப்புகள் உள்ள கோப்புறையை ஆண்டுக்கு ஒருமுறையாவது படியெடுத்து வைப்பது நன்று. புதுக் கணினி வாங்கும்போது அதை அப்படியே கொண்டுபோய் வைத்துவிடாமல், அந்த மேசைக்கு என்ன வேண்டும் என்று புதிதாகப் பாருங்கள். பகிரப்படும் கணினியில் பலகத்தை மூடுங்கள். மடலில் வெளியிலிருந்து வரும் படங்களையும் நிறுத்திவையுங்கள்.

நம் கல்லூரியில் கணினிப் பிரிவு இளைஞரிடம் இதைச் சொன்னோம். மாணவியின் மடல் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். துறை அறைக் கணினியில் மட்டும் பழையபடி தனி மென்பொருளை நிறுவிக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தார். மற்றத் துறைகளுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

நான்காவதாக ஒரு கணினியும் வீட்டில் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டி, இணையத்தோடு தொடர்பில்லை. அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸும், பயனர் வரையறைக்குப் பொருத்திய இணைமதியும் வைத்தபடியே இருக்கின்றன. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற யாகூ குழுக்களில் அந்நாளில் நடந்த சண்டைகள், சமாதானங்கள், முதற் கவிதைகள், கம்பனைப் பற்றிய நீண்ட விவாதங்களில் நமக்கு மடலாக வந்து நாம் சேமித்தவை அதில் கிடக்கின்றன. யாகூ 2020 டிசம்பர் 15 அன்று அந்தக் குழுக்களை முற்றிலும் மூடிவிட்டது. இன்றைய மென்பொருள்களிலோ குறியேற்றத்தை நாமே தேர்ந்தெடுக்கும் பட்டியல் சுருங்கிவிட்டது; அதே மடல்களைப் புதிய கணினியில் திறந்தால் மீண்டும் அந்தக் கொம்பு முளைத்த எழுத்துகள்தாம். ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை விடுமுறை நாள்களில் சிறிது சிறிதாகச் செய்துவருகிறோம். 2003ஆம் ஆண்டின் மடல்கள் வரை முடிந்திருக்கின்றன. நண்பர்கள் எவரிடமேனும் அத்தகைய பழைய பெட்டி இருந்தால், அதன் அமைப்புகளைக் கலைத்துவிட வேண்டாம்.